இறங்கும்போது மட்டும்

ஏறும்போது அந்தக் கார் ஒரு குறையும் சொன்னதில்லை. இறக்குவானை டவுனைத் தாண்டி, தெனியாய வீதியில் புலுத்தோட்டைக் கணவாயின் கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் மூச்சு வாங்க ஏறுவேன். மேலே சூரியகந்தைப் பக்கம் அப்பாவின் வீட்டு முற்றத்தில் நிறுத்தினால், எஞ்சின் ஓடுகிறதா இல்லையா என்று காதைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். மீட்டர் முள் 800இல் அசையாமல் நிற்கும். மறுநாள் காலை இறங்கும்போதுதான் ஆட்டம் தொடங்கும். வளைவுக்கு வளைவு கிளச்சை மிதித்தவுடன் முள் 1,500க்குத் தாவும். எக்ஸிலேட்டரில் காலே இருக்காது, ஆனாலும் கத்தும். மூன்றாம் கியரில் போட்டு எஞ்சினாலேயே வண்டியைப் பிடித்து இறக்கலாம் என்றால், பிடிக்க வேண்டிய எஞ்சின் பின்னாலிருந்து தள்ளியது. பிரேக்கை மட்டும் நம்பி அந்தக் கணவாயில் இறங்குவது, அதுவும் எதிரே தெனியாய பஸ் வீதி முழுவதையும் எடுத்துக்கொண்டு வரும்போது, நல்ல அனுபவம் அல்ல.

நான் அப்போது இரத்தினபுரியில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். 2005இல் லீசிங் போட்டு வாங்கிய வண்டி அது. தொண்ணூறுகளின் தொடக்கத்துக் கரோலா, ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்து இங்கே இரண்டு மூன்று கை மாறியது. எங்கள் குடும்பத்தில் அதுதான் முதல் கார். நான் சிறுமியாக இருந்தபோது எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குள் கார் என்றால் துரையின் பங்களாவுக்கு ஏறுவது ஒன்று, அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்குப் போக இறக்குவானையிலிருந்து வரவழைக்கும் ஹயரிங் வேன் மற்றது. முதன்முதல் அதை ஓட்டிக்கொண்டு போனபோது லயத்துச் சனமெல்லாம் சுற்றி நின்று கண்ணாடியையும் சீட்டையும் பார்த்தார்கள். அப்பா மட்டும் பொனட்டைத் திறக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் மூடி வச்சிருக்கான், ஒண்ணுந் தெரியல" என்று மூடிவிட்டார்.

பிரச்சினை தொடங்கிய பிறகு நான் அவரிடம் சொல்லவில்லை. கராஜுக்குத்தான் போனேன்.

கராஜில் என்ன தேடினார்கள் என்று சொல்வதற்குமுன் ஐட்லிங் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காலை எடுத்த பிறகும் பெற்றோல் எஞ்சின் நின்றுவிடாமல் ஓடுவது, மூடிய திராட்டில் தகட்டைச் சுற்றி அனுமதிக்கப்பட்ட ஒரு சிறு காற்று உள்ளே போவதால். எவ்வளவு காற்றுப் போகிறதோ அதற்கேற்ற பெற்றோலைக் கம்ப்யூட்டர் தெளிக்கும். ஆகவே ஐட்லிங் ஏறினால் எங்கிருந்தோ கூடுதல் காற்று நுழைகிறது. திராட்டில் முழுதாக மூடவில்லையா? எக்ஸிலேட்டர் கேபிள் இறுகியிருக்கலாம், உள்ளே கரி படிந்திருக்கலாம். திராட்டிலுக்குப் பின்னால் எங்காவது வெடிப்பா? பழைய ரப்பர் ஹோஸ், கேஸ்கட். இல்லாவிட்டால் கம்ப்யூட்டரே வேண்டுமென்று காற்றைத் திறந்து விடுகிறதா?

இரத்தினபுரி கராஜ் பாஸ் முதல் இரண்டையும் ஒழுங்காகத்தான் பார்த்தார். கேபிளில் தளர்வு இருந்தது. திராட்டில் பொடியைக் கழற்றி, கார்ப் கிளீனர் அடித்து, கரியைத் துடைத்து மாட்டினார். ஹோஸ்களை ஒவ்வொன்றாகக் குறட்டால் நசுக்கிப் பார்த்தார். கேஸ்கட் ஓரங்களில் கிளீனரைப் பீய்ச்சி, சத்தம் மாறுகிறதா என்று காது கொடுத்தார். மாறவில்லை. எஞ்சின் பக்கத்திலிருந்த சிறிய கறுப்புப் பெட்டியின் மூடியைத் திறந்து, இரண்டு முனைகளை ஒரு வயர்த் துண்டால் இணைத்தார். அந்தக் காலத்து டொயோட்டாவில் கம்ப்யூட்டர் கண்ட பிழையை டாஷ்போர்டு விளக்கு மின்னி மின்னி எண்ணாகச் சொல்லும். தண்ணீர் வெப்பநிலை சென்சர் பழுதென்றால் 22, திராட்டில் சென்சர் என்றால் 41. எங்கள் வண்டியில் விளக்கு இடைவிடாமல் ஒரே சீராக மின்னியது. பிழை ஒன்றுமில்லை என்று அர்த்தம். அதோடு, இரத்தினபுரியில், அந்தப் பகல் வெயிலில், முள் 800இல்தான் நின்றது. இல்லாத நோயை அவர் எங்கே தேடுவார்? நான் வற்புறுத்தியதால் ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருகி இறக்கிவிட்டார்.

அதன் பலன் அடுத்த வாரமே தெரிந்தது. கணவாயில் கத்தல் சற்றுக் குறைந்தது. ஆனால் இரத்தினபுரி பஸ் நிலையத்துக்கு முன்னால், ஏசி போட்டுக்கொண்டு வாகன நெரிசலில் நிற்கும்போது எஞ்சின் நடுங்கி அணைந்தது. பின்னால் ஹோர்ன் அடிப்பவர்களுக்கு, பெண் ஒருத்தி ஓட்டுகிறாள் என்பதே போதுமான விளக்கமாக இருந்தது.

இன்னொரு கராஜில் ஒயில் மூடியைத் திறந்து காட்டினார்கள். உட்புறத்தில் பால் தேத்தண்ணியின் ஆடை போல வெளிறிய பசை ஒட்டியிருந்தது. "மிஸ், ஒயிலுக்குள்ள தண்ணி போகுது. ஹெட் கேஸ்கட்." சொன்ன தொகை என் சம்பளத்தில் இரண்டு மாதத்துக்கு மேல். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அந்த வாரம்தான் அப்பாவிடம் சொன்னது.

அப்பா ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், பிட்டராக வேலை செய்து ஓய்வு பெற்றவர். லக்சபான மின்சாரம் மலைகளுக்கு ஏறுவதற்குமுன் தேயிலை ஸ்டோர்களை ஓட்டியவை டீசல் எஞ்சின்களும் நீர்ச்சக்கரங்களும். மின்சாரம் வந்த பிறகும் எங்கள் தோட்டத்தில் ஒரு பழைய ரஸ்டன் எஞ்சினை அவசரத்துக்கென்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்த மூத்த பிட்டர், 1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியப் பிரஜையாக்கப்பட்டு, தலைமன்னாரில் கப்பலேறிப் போனார். போகிறபோது தன் ஸ்பேனர்களை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போனதாக அம்மா சொல்வார். அப்பா அதைப்பற்றிப் பேசமாட்டார், ஆனால் அந்த ஸ்பேனர்களை யாருக்கும் இரவல் கொடுக்கவும் மாட்டார்.

1996இல் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றி நாடெங்கும் மணிக்கணக்காக மின்வெட்டு வந்தபோது அந்த ரஸ்டனுக்கு மறுபடி வேலை வந்தது. வாட்டுத் தொட்டியில் பரப்பிய கொழுந்துக்குக் காற்று வேண்டும். அரைத்துப் புளிக்க வைத்த கொழுந்து கரண்ட் வரும்வரை காத்திருக்காது, நேரம் தாண்டினால் அந்த நாள் தேயிலை போயிற்று. அப்பா இரவெல்லாம் ஸ்டோரிலேயே இருப்பார். இராச் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் நான் அங்கே நின்று பார்த்திருக்கிறேன். எஞ்சினைச் சுற்றி வெளியேறும் தண்ணீர்க் குழாயில் அவர் அடிக்கடி உள்ளங்கையை வைப்பார். கை பொறுக்காத சூடு என்றால் தண்ணீர் வால்வைக் கொஞ்சம் திறப்பார். அது எனக்கு விளங்கியது. ஆனால் குழாய் இதமாக இருந்தால் வால்வைக் குறைப்பார். குளிர்ச்சியாக ஓடினால் நல்லதுதானே என்று கேட்டேன். "சூட்டுல செத்த இஞ்சின் கொஞ்சந்தான் தாயி. குளிர்ல தேஞ்சு போனதுதான் நெறய" என்றார்.

அது சரி என்று பல்கலைக்கழகத்தில் படித்தபோதுதான் தெரிந்தது. குளிர்ந்த சிலிண்டரில் எரிபொருள் முழுதாக எரிவதில்லை. எரியாத துளிகள் சுவரிலுள்ள ஒயில் படலத்தைக் கழுவிவிடும். எரியும்போது உண்டாகும் நீராவி வெளியேறாமல் உள்ளேயே படிந்து, எரிபொருளின் கந்தகத்தோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரிக்கும். இதையெல்லாம் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன்.

மார்கழிக் குளிரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலை தெரியாத பனி. நான் கதையை முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். கேபிள், கரி, ஸ்க்ரூ, ஹெட் கேஸ்கட் எல்லாம். அவர் அதையெல்லாம் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

"எறங்குறப்ப மட்டுந்தானா? ஏறயில இல்ல?"

"ஏறும்போது இல்லப்பா."

"டவுனுக்குள்ள, வெயில்ல?"

"இல்ல. அங்க அணையுது."

"மழையில நீட்டுக்கும் ஓட்டுனா?"

யோசித்துப் பார்த்தேன். கொழும்புக்குப் போன ஒரு நாள் குருவிட்டையிலிருந்து எஹலியகொடை வரைக்கும் விடாத மழை. எஹலியகொடையில் நிறுத்தியபோது கத்தியது. அதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

"சூட்டு முள்ளு எங்க நிக்கும்?"

கால்வாசிக்குக் கீழே. அதை ஒரு சிறப்பாகத்தான் எனக்கு விற்றவர் காட்டியிருந்தார். எவ்வளவு ஓட்டினாலும் ஹீட் ஆகாத வண்டி, மிஸ், பாருங்க.

"ஸ்டார்ட் பண்ணு" என்றார் அப்பா. இரவெல்லாம் பனியில் நின்ற எஞ்சின் 1,500க்குமேல் ஓடியது. அவர் ரேடியேட்டரின் மேல் ஹோஸில் ஒரு கையும் கீழ் ஹோஸில் ஒரு கையுமாக, விசிறியிலிருந்து சேலைத் தலைப்பைக் காப்பதுபோல் சாரத்தை ஒதுக்கிக்கொண்டு நின்றார். ஒழுங்கான வண்டியில் எஞ்சின் சூடாகும்வரை ரேடியேட்டருக்குள் தண்ணீர் ஓடக்கூடாது. கீழ் ஹோஸ் வெகு நேரம் குளிர்ந்தே கிடந்து, பிறகு சட்டென்று சூடேற வேண்டும். இங்கே தொடக்கத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து, மெதுவாக, வெதுவெதுப்பாகி, அந்த வெதுவெதுப்பிலேயே நின்றுவிட்டன. அடுத்து டிப்ஸ்டிக்கை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்த்தார். ஒயில் சுத்தம். ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதுண்டா என்று கேட்டார். குறைவதில்லை. அப்படியானால் ஒயில் மூடியில் இருந்தது கேஸ்கட் வழியாக வந்த தண்ணீர் அல்ல, காய்ந்து போகிற அளவுக்கு எஞ்சின் ஒருநாளும் சூடாகாததால் உள்ளேயே வியர்த்த தண்ணீர்.

"இதுக்குக் குளிருதும்மா. வேற ஒண்ணும் இல்ல."

ஹோஸ் எஞ்சினுக்குள் நுழையும் இடத்து மூடியை, எஞ்சினை ஆறவிட்டு, பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கழற்றினார். செம்மண் நிறத்தில் தண்ணீர் கொட்டியது. எஞ்சின் சூடாகும்வரை அந்த வழியை மூடிவைக்கும் தெர்மோஸ்டாட் வால்வு இருக்க வேண்டிய குழி வெறுமையாக இருந்தது. ஓரத்தில் சிலிக்கன் பசை பூசி யாரோ அடைத்திருந்தார்கள்.

எங்கள் நாட்டில் இது அபூர்வமான காட்சி அல்ல. வண்டி ஒருமுறை ஹீட் ஆனால் முதலில் கழற்றி எறியப்படுவது தெர்மோஸ்டாட்தான். குளிர் நாட்டுக்காகச் செய்த சாமான், நமக்கு எதற்கு என்று ஒரு நியாயம். (கழற்றினால் குளிரும் என்பதும் எல்லா எஞ்சினுக்கும் பொருந்தாது. சிலவற்றில் அந்த வால்வின் அடித்தகடுதான் ரேடியேட்டருக்குப் போகாமல் சுற்றும் குறுக்கு வழியை அடைக்கிறது. அது இல்லாவிட்டால் பாதித் தண்ணீர் ரேடியேட்டரையே காணாது.) என் வண்டியில் தண்ணீர் எப்போதும் முழுப் பாய்ச்சலில் ரேடியேட்டருக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கணவாயில் ஏறும்போது சுமை அதிகம், எஞ்சின் எப்படியும் சூடாகிவிடும். இரத்தினபுரி வெயிலில் நெரிசலில் நின்றாலும் சூடாகிவிடும். இறங்கும்போது எஞ்சினுக்கு வேலையே இல்லை, பெற்றோலையும் கம்ப்யூட்டர் நிறுத்திவிடுகிறது, முன்னாலிருந்து ஈரக் காற்று ரேடியேட்டரில் அடிக்கிறது. தண்ணீர் குளிர்கிறது. சென்சர் அதை அப்படியே கம்ப்யூட்டருக்குச் சொல்கிறது. குளிர்ந்த எஞ்சினுக்கு என்ன செய்ய வேண்டுமோ அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது: காற்றைக் கூட்டு, பெற்றோலைக் கூட்டு. விளக்கு பிழை எண் எதையும் மின்னாததற்கு அதுதான் காரணம். அந்த வண்டியில் சென்சரும் கம்ப்யூட்டரும் ஒரு தவறும் செய்யவில்லை. உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்ததன் வாயைத்தான் ஸ்க்ரூவால் அடைக்கப் பார்த்தோம்.

புதிய வால்வு இறக்குவானையில் கிடைக்கவில்லை. கொழும்புக்குப் போன சக ஆசிரியர் ஒருவர் பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்தார். உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான், பித்தளைக் கிண்ணத்துக்குள் மெழுகு. மெழுகு உருகி விரியும்போது ஒரு தண்டைத் தள்ளி வழியைத் திறக்கும், ஆறினால் வில் மூடும். ஓரத்தில் 82 என்று பொறித்திருந்தது. அப்பா அதைச் சோதிக்காமல் மாட்டச் சம்மதிக்கவில்லை. பஞ்சிகாவத்தை என்றாலே அவருக்குச் சந்தேகம். ஸ்டோருக்குப் போய், டீமேக்கரிடம் சொல்லி, கொழுந்து காயவைக்கும் டிரையருக்குரிய பழைய வெப்பமானி ஒன்றை வாங்கிவந்தார். அது பாரன்ஹைட். 82 பாகை செல்சியஸ் என்றால் 180 பாகைக்குச் சற்றுக் குறைவு என்று கணக்குப் பார்த்துச் சொன்னேன்.

அம்மாவின் சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்து, வால்வை நூலில் கட்டி அடியில் தொடாமல் தொங்கவிட்டோம். "ஒங்களுக்கு எஞ் சோத்துச் சட்டிதான் கெடச்சிச்சா?" என்று அம்மா கேட்டதற்கு இருவரும் பதில் சொல்லவில்லை. 170 வரை ஒன்றுமில்லை. 180ஐ நெருங்கும்போது ஓரத்தில் மயிரிழை வெளிச்சம். பிறகு கண்முன்னாலேயே திறந்துகொண்டு போனது. முழுதாகத் திறக்க 95 பாகை செல்சியஸ், அதாவது 203 வேண்டும். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 212இல் கொதிக்காது, 206 அளவிலேயே கொதித்துவிடும். ஆகவே எங்கள் அடுப்படியில் அந்தச் சோதனை மயிரிழையில்தான் தேறியது. இன்னும் உயரத்தில், ஹோட்டன் சமவெளிப் பக்கம் யாராவது இதைச் செய்து பார்த்தால், நல்ல வால்வையும் பழுதென்று எறிந்துவிடுவார்கள்.

மாட்டினோம். சூட்டு முள் முதன்முறையாக நடுவுக்கு வந்து நின்றது. கணவாயில் இறங்கினேன். ஒவ்வொரு வளைவிலும் கிளச்சை மிதித்தேன், தேவையில்லாத இடங்களிலும் மிதித்தேன். முள் 800க்குக் கீழே போய் நடுங்கியது, அவ்வளவுதான். அது பாஸ் இறக்கிவைத்த ஸ்க்ரூவின் வேலை.

ஆனால் வேலை அதோடு முடியவில்லை. அடுத்தமுறை ஏறும்போது மேல் வளைவுகளில் சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே போனது. தெர்மோஸ்டாட்டை யாரோ ஏன் கழற்றினார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது. ரேடியேட்டரின் குழாய்களில் பாதிக்குமேல் துருவும் மண்ணும் அடைத்திருந்தன. அந்த எஞ்சினின் அடிப்பகுதி இரும்பு, தலை அலுமினியம். துருப் பிடிக்காமலிருக்க அதற்குக் கூலன்ட் வேண்டும். முன்பு வைத்திருந்தவர்கள், மலைவீதிகளில் எல்லாரும் செய்வதுபோல், வழியில் கண்ட பீலியில் போத்தலைப் பிடித்து ஊற்றியிருக்கிறார்கள். பீலித் தண்ணீர் குடிக்க அமிர்தம். இரும்புக்கு அது வெறும் தண்ணீர், மழைக்காலத்தில் கொஞ்சம் மண்ணும் சேர்ந்தது. ரேடியேட்டரையும் மாற்றினேன், பச்சைக் கூலன்ட் ஊற்றினேன். "பச்சத் தண்ணிக்கு இம்புட்டுக் காசா" என்று அப்பா அதைமட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஸ்க்ரூவைப் பழையபடி வைக்க இரத்தினபுரி பாஸிடமே போனேன். நல்ல வேலைக்காரர், கோபப்படவில்லை. ஆனால் ஏற்றுக்கொள்ளவுமில்லை. இந்த நாட்டில் ஓடுகிற வேன்களில் பாதி தெர்மோஸ்டாட் இல்லாமல்தான் ஓடுகின்றன, ஒன்றும் நடக்கவில்லையே என்றார். அவர் இருக்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது பொய்யல்ல. இரத்தினபுரியில் வேலை செய்கிறவர் இரத்தினபுரி வெயிலில்தான் வண்டியைப் பார்ப்பார். என் வண்டி வாரக் கடைசியில் வேறொரு நாட்டில் இரவைக் கழித்து வருகிறது என்பது அவருக்குத் தெரிய வழியில்லை. பெற்றோல் செலவு குறைந்திருக்கிறது என்று சொன்னேன். டயரில் காற்றுச் சரியாக இருக்கும், மிஸ், என்றார்.

அவருடைய மேசை லாச்சியில் ஒரு பால்மா டின் நிறையக் கழற்றிய தெர்மோஸ்டாட்டுகள் இருந்தன. பிள்ளைகளுக்கு வெப்ப விரிவு காட்டுவதற்குக் கொஞ்சம் தருவீர்களா என்று கேட்டேன். டின்னோடு எடுத்துப் போகச் சொன்னார். பாடசாலை ஆய்வுகூடத்தில், தண்ணீர் நூறு பாகைக்குப் பக்கத்தில் கொதிக்கிற இரத்தினபுரியில், பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் அவற்றை நூலில் கட்டி ஒவ்வொன்றாகச் சூடாக்கினார்கள். ஒன்றிரண்டு துருவில் இறுகிக் கிடந்தன. மற்றவையெல்லாம் தத்தம் மேல் பொறித்திருந்த பாகையை ஒட்டித் திறந்து, ஆறவிட்டபோது மூடின.